டெல்மரின் கருஞ்சிவப்பு மரம்

ஹாய்ட் இடதுகைக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெக்மின்வில் வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு நர்சரி. ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கத்தியை இடது கையில் பிடிக்கிறவன் என் கொழுந்தன் ஒருவன்தான். வலதுகைக்காரன் வெட்டினால் குச்சியில் வெட்டு ஒரு பக்கம் சாயும். இவன் வெட்டினால் எதிர்ப்பக்கம் சாயும். முப்பது வருஷம் ஒட்டுக்காரர்கள் பின்னால் குனிந்து நடந்து கட்டுப் போட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, கையில் காபியோடு கொட்டகைப் பக்கம் போனேன். ஒட்டுக்குக் குச்சி எடுக்கிற தாய்மரத்தடியில் பச்சை இலைகள் சிதறிக் கிடந்தன. ஐந்து முனை நட்சத்திர இலைகள், ஒன்றிலும் காம்பு இல்லை. மானும் காற்றும் அப்படிக் கிள்ளாது. காம்பைக் குச்சியிலேயே விட்டு இலையை மட்டும் கிள்ளிப் போடுவது ஒட்டுக்காரன் வேலை. அந்தக் காம்பைப் பிடித்துக்கொண்டுதான் மொட்டைப் பட்டைக்குள் செருகுவான். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தேன். கிளைகளில் புது வெட்டுகள், எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்த வெட்டுகள்.

அது என் புருஷன் டெல்மரின் மரம். ஸ்வீட்கம் என்றால் எங்கள் ஊரில் மதிப்பு கிடையாது. வேலியோரம், ஓடைக்கரை, எங்கே பார்த்தாலும் தானாக முளைத்து நிற்கும். இலையுதிர் காலத்தில் ஒன்று மஞ்சளாகும், ஒன்று சிவக்கும், ஒன்று இரண்டும் கெட்டானாக நிற்கும். போதாததற்கு குளிர்காலம் முழுக்க முள்ளுக்காய்களைக் கொட்டி, வெறுங்காலோடு நடக்கிறவனைக் கெட்ட வார்த்தை பேச வைக்கும். ஆனால் எங்கேயோ ஒரு காட்டு மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் நன்றாகப் பழுத்த திராட்சையின் கருஞ்சிவப்பில் நிற்பதை டெல்மர் பார்த்துவிட்டான். அத்தனை இலையும் ஒன்றாகச் சிவந்து, கிறிஸ்துமஸ் வரை உதிராமல் நின்றதாம். எங்கே பார்த்தான் என்று என்னிடம் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் யாரும் சொல்ல மாட்டார்கள். பாதிரியார் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

"ஆத்துப் பக்கம்," என்பான்.

"எந்த ஆத்துப் பக்கம்?"

"தண்ணி ஓடுற ஆத்துப் பக்கம், லூ."

இதுதான் பதில். அந்தக் கிளையிலிருந்து இரண்டு மரம் ஒட்டுக் கட்டினான். ஒன்றைக் கொட்டகைக்குப் பக்கத்தில் நட்டான். இன்னொன்றை நட்டது இமோஜீன் வீட்டு வாசலில்.

இமோஜீன் ப்ரூயிட் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள், விதவை. காலின்ஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தனி வீடு. இருந்ததே இரண்டு மரம், அதில் ஒன்றைக் கொண்டுபோய் அவள் வாசலில் ஏன் நட வேண்டும்? கேட்டேன். "கொடுக்கணும்னு இருந்துச்சு, கொடுத்தேன்," என்றான். அதோடு விட்டானா? ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போவான். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவான். வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இடுப்பு போச்சு," என்று சோபாவில் சாய்வான். ஒரு விதவை வீட்டில் அரை நாள் இருந்துவிட்டு இடுப்பு வலி என்று வருகிற புருஷனை என்னவென்று நினைப்பது? நான் நினைத்ததைத்தான் நினைத்தேன். வாய்விட்டு ஒருமுறை கேட்டதற்கு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து டவுனுக்குப் போவதானால் அந்தப் பாலத்துப் பக்கம் போகாமல் சுற்றுவழியில்தான் போவேன்.

போன நவம்பரில் டெல்மர் போய்விட்டான். லாரியில் செடி ஏற்றிக்கொண்டிருந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான். "இன்னும் ஒரு வருஷம் பாத்துட்டு விக்கலாம்" என்று அந்த மரத்தை விற்காமலே வைத்திருந்தவன், கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த ஆகஸ்ட்ல கட்டிடு, லூ. கீழ வயல் முழுக்கக் கட்டிடு. இனிமே காத்திருக்க வேணாம்," என்றான்.

சரி என்றேன். கீழ வயல் முழுக்க வேர்ச்செடி நட்டேன், ஒட்டு மொட்டைத் தாங்குவதற்கான காட்டு ஸ்வீட்கம் கன்றுகள். வேறு எதையும் அந்த வருஷம் போடவில்லை. வாங்குகிறவர்களிடம் எல்லாம் டெல்மரின் மரம் வருகிறது என்று சொல்லிவைத்தேன். நர்சரி நிற்பதும் விழுவதும் இனி அந்த ஒரு மரத்தில் என்று ஆகிவிட்டது. டெல்மர் என்று ஒருவன் இந்த மண்ணில் இருந்தான் என்பதற்கும் அதுதான் மிச்சம், எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

பிப்ரவரியில் ஐஸ் மழை பெய்தது. ஒரு ராத்திரியில் எல்லா மரத்துக்கும் கண்ணாடி பூட்டியது போல ஆயிற்று. காலையில் தாய்மரம் கவட்டையில் பிளந்து கிடந்தது. ஒட்டுக்காரன் எலாதியோ குளிர்காலத்தில் மெக்சிகோவுக்குப் போய்விடுவான், ஏப்ரலில்தான் வருவான். ஹாய்ட்டைக் கூப்பிட எனக்கு மனசில்லை. காரியம் முடிந்த மறுநாளே, "அண்ணி, அந்த மரத்தை என்ன பண்றதா உத்தேசம்?" என்று கேட்டவன் அவன். அது மட்டுமா, டெல்மரின் வாருகோலையும் காணோம். இலை வாருவதற்கு வைத்திருந்த நல்ல இரும்புப் பல் வாருகோல். பிடி விரிசல் விட்டபோது நானே மெழுகு நூலால் சுற்றிக் கட்டிக் கொடுத்தது. கொட்டகையில் தேடாத இடமில்லை. காரியத்துக்கு வந்தவன்தான் கொண்டுபோயிருப்பான் என்று எனக்கு நிச்சயம். வாருகோலைத் திருடுகிறவன் மரத்தை விடுவானா?

ஆகவே நானே மோட்டார் ரம்பத்தை எடுத்தேன். பிளந்த மரத்தை விட்டுவைத்தால் அழுகும். தரையோடு ஒட்டி அறுத்துவிட்டேன். அடிமரத்தில் ஒரு துண்டைக் கொட்டகை வாசலில் உட்காரப் போட்டுக்கொண்டேன். ஏப்ரலில் அடிக்கட்டையிலிருந்து துளிர் வந்தது பாருங்கள், அடேயப்பா! ஜூலைக்குள் கட்டைவிரல் கனத்தில் குச்சிகள் என் தலைக்கு மேல் நின்றன. "டெல்மர், உன் மரத்துக்கு உன்னைவிட நெஞ்சு கெட்டி," என்று சொல்லி அழுதேன்.

அந்த மரத்தில்தான் ஹாய்ட் கை வைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பொதுச்சாப்பாடு. மரத்தடியில் நீள மேஜைகள், பொரித்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி, எல்லாம் இருந்தது. ஹாய்ட் வாழைப்பழப் புட்டிங்கைத் தட்டில் குன்றாகக் குவித்துக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ஹாய்ட், சாப்பாடாவது கேட்டு எடுத்தியா, இல்ல அதையும் விடியக்காலைல வந்து எடுத்தியா?"

"என்ன அண்ணி பேசறீங்க?"

"என் மரத்துல குச்சி வெட்டினது யாரு?"

"எனக்கென்ன தெரியும்? ஊர்ல எத்தனை பேர் இருக்கான்."

"ஊர்ல இடதுகைக்காரன் எத்தனை பேர் இருக்கான்?"

மேஜையில் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். ஹாய்ட் முகம் சிவந்துபோய், "அண்ணன் போன துக்கத்துல உங்களுக்குப் புத்தி பேதலிச்சிருக்கு," என்று தட்டோடு எழுந்து போனான். தட்டை விட்டுவிட்டுப் போகவில்லை என்பதையும் கவனித்தேன். பிரதர் லோனி, எங்கள் பாதிரியார், என் பக்கத்தில் வந்து, "சிஸ்டர் லூயெல்லா, சந்தேகம் ஆத்துமாவுக்கு நல்லதில்ல," என்றார்.

"திருட்டு மட்டும் நல்லதா, பிரதர்?" என்றேன். அவர் கோழிக்காலை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாளே ஒட்டு வேலையை ஆரம்பித்துவிட்டோம். எலாதியோ முன்னால் குனிந்து வேர்ச்செடியின் பட்டையைக் கீறி மொட்டைச் செருகிக்கொண்டே போவான், நான் பின்னால் ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டே வருவேன். கடைசிச் சுற்றுக்கு அடியில் நுனியை எல்லோரும் ஒரு தடவை செருகுவார்கள், நான் இரண்டு தடவை செருகுவேன். டெல்மர் காலத்திலிருந்தே அப்படித்தான்.

"சென்யோரா, நீங்க ரெண்டு தடவ செருகறதுக்குள்ள எனக்கு வயசாயிடுது," என்றான் எலாதியோ.

"அவுந்து போனா உன் வயசு திரும்பி வருமா? வேலையப் பாரு."

கீழ வயல் முழுக்கக் கட்டி முடித்தோம். மொட்டுகள் உறங்கும், அடுத்த வசந்தத்தில்தான் கிளம்பும். அதுவரை தாய்மரத்தை யாரும் தொடக் கூடாது. நான் கொட்டகை வாசலில் அந்த அடிமரத் துண்டின்மேல் உட்கார்ந்து காவல் காத்தேன். காலையில் காபி அங்கே, மாலையில் இனிப்புத் தேநீர் அங்கே. ஹாய்ட்டின் வண்டி சாலையில் போனால் எழுந்து நிற்பேன். அவன் மெதுவாகப் போனால் வேவு பார்க்கிறான், வேகமாகப் போனால் எதையோ மறைக்கிறான். அவன் நிலத்திலும் புதிதாக வேர்ச்செடிகள் கட்டுப் போட்டு நிற்பதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டேன். அவன் அதை மேப்பிள் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தான். மேப்பிள் இலைக்கும் ஸ்வீட்கம் இலைக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்?

"இருடா," என்று சொல்லிக்கொண்டேன். "அதுக எல்லாம் ஒரு நாள் கருஞ்சிவப்பா நிக்கும். அன்னைக்கு எங்க கொண்டுபோய் மூஞ்சிய வச்சுக்குவ?"

அக்டோபர் வந்தது. மலைப்பக்கம் எல்லாம் நிறம் ஏறியது. தாய்மரம் பச்சையாகவே நின்றது. புதுத் துளிர் அல்லவா, தாமதமாகத்தான் மாறும் என்று எலாதியோவிடம் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். அப்புறம் ஒரு குளிர்ந்த காலையில் பார்த்தேன், கீழ்க்கிளையில் நாலைந்து இலைகள் மாறியிருந்தன. மஞ்சள். அடுத்த வாரம் மரமே மஞ்சள். சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை. வேலியோரத்துக் காட்டு மரம் எப்படி நிற்குமோ அப்படி நின்றது.

முதலில் என் புத்தி எங்கே போனது என்றால் ஹாய்ட்டிடம்தான் போனது. வேரில் எதையாவது ஊற்றிவிட்டானா? குச்சிகளை எடுத்துக்கொண்டு அடையாளம் தெரியாமல் இருக்க மரத்தைக் கெடுத்துவிட்டானா? மண்ணைக் கிளறி மோந்து பார்த்தேன். மண் வாசம்தான் வந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். உட்கார்ந்து யோசிக்கலாம் என்று என் துண்டு மரத்தின்மேல் உட்கார்ந்தேன்.

அப்போது அவனே வந்தான். வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நேராக மரத்தடிக்குப் போனான். அண்ணாந்து பார்த்தபடியே நின்றான்.

"அண்ணி, இது ஏன் மஞ்சளா இருக்கு?"

"அதை நீதான் சொல்லணும்."

"வெளையாடாதீங்க. இது ஏன் மஞ்சளா இருக்கு?"

"என் மரம் மஞ்சளானா உனக்கென்னடா கவலை? நீதான் மேப்பிள் கட்டியிருக்கியே!"

கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். இத்தனை நாள் அந்த முகத்தைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். பார்த்தபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை, அவன் முகத்தில் இருந்த அதே பயம்தான் எனக்கும் இருந்தது.

"எடுத்தேன்," என்றான். "ஆமா, எடுத்தேன். என் அண்ணன் மரம், எனக்கு ஒரு குச்சிகூட உரிமை இல்லையா? கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"செருப்பால குடுத்திருப்பேன்."

"அதான் கேக்கல. ஒரு வயலே போட்டிருக்கேன், அண்ணி."

"நானும் ஒரு வயல்தான் போட்டிருக்கேன்."

இரண்டு பேரும் மரத்தைப் பார்த்தோம். ஹாய்ட் குனிந்து அடிக்கட்டையைத் தடவினான். கையால் மண்ணை விலக்கினான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். என்னையல்ல, நான் உட்கார்ந்திருந்ததை.

"எந்திரிங்க அண்ணி."

"எதுக்கு?"

"எந்திரிங்கன்னா!"

எழுந்தேன். அவன் துண்டு மரத்தைக் காலால் உதைத்துச் சாய்த்தான். இத்தனை மாதமாகப் புல்லுக்குள் புதைந்திருந்த அடிப்பக்கம் மேலே வந்தது. ஓரத்தில் ஒரு புடைப்பு, மடக்கிய முழங்கால் போல. ஒட்டு விழுந்த இடம். டெல்மர் எப்போதும் மண்ணை ஒட்டித்தான் மொட்டுச் செருகுவான். வருஷா வருஷம் மரத்தூள் கொட்டி அந்த இடம் மூடியிருந்தது, அன்றைக்கு மேலே ஐஸ் வேறு. ரம்பத்தை மரத்தூளுக்குள் அழுத்தி, ஒட்டுக்கும் கீழே அறுத்திருக்கிறேன். டெல்மரின் மரம் முழுவதையும் மேலே எடுத்துவிட்டு, வெறும் காட்டு வேரை மண்ணில் விட்டிருக்கிறேன். துளிர்த்து வந்ததெல்லாம் அந்த வேர். கீழ வயல் முழுக்க நான் கட்டியதும் அதுதான், ஹாய்ட் திருடியதும் அதுதான். டெல்மரின் மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு காட்டு மரத்துக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. "போயும் போயும் வேலியோரத்து மரத்தைத் திருடியிருக்கியேடா!" என்று கத்தினேன். அப்புறம் அதே மூச்சில் அழுகை வந்துவிட்டது. கடைசியாக டெல்மர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் என் கையாலேயே அறுத்துப்போட்டிருந்தேன்.

ஹாய்ட் பக்கத்தில் நின்று தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு அவன் கை நின்றுவிட்டது. அவன் கண் சாலைப் பக்கம், பாலம் இருக்கிற திசையில் போனது. நானும் அதே நேரத்தில் அங்கேதான் பார்த்தேன்.

இரண்டாவது மரம்.

"சரி அண்ணி, வரேன். மாட்டுத் தீவனம் வாங்கணும்," என்றான் ஹாய்ட்.

"நீ மாடு வித்து நாலு வருஷமாச்சுடா!"

அவன் ஓட ஆரம்பித்தான். ஐம்பது வயசுக்கு மேல் ஆன மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் சாவியைத் தேடி, செருப்பைத் தேடி, டெல்மரின் பழைய பிக்கப் மூன்று தடவை இருமி நாலாவது தடவை கிளம்புவதற்குள் அவன் வண்டிப் புழுதிகூட அடங்கிவிட்டது. வழியெல்லாம் என் மனசில் ஓடியது ஒன்றுதான். இமோஜீனும் ஹாய்ட்டும் பேசி முடித்திருப்பார்கள். அவளுக்கு என்மேல் என்ன பிரியம் இருக்கப்போகிறது? டெல்மரை எடுத்துக்கொண்டவள் மரத்தையா எனக்குத் தருவாள்? போன ஜனவரியில் அவள் கீழே விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டபோது, ஆண்டவர் மன்னிக்கட்டும், நான் அன்றைக்கு ஒரு கரண்டி அதிகமாகச் சாப்பிட்டேன்.

பாலத்தைத் தாண்டும்போது ஹாய்ட் எதிரே வந்தான். என்னைத் தாண்டிப் போனவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடித்துவிட்டான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மரத்தைப் பார்த்தேன். வருஷக்கணக்காகச் சுற்றுவழியில் போய் நான் பார்க்காமல் தவிர்த்த மரம். அந்தச் சாம்பல் நிறத்து வீட்டு வாசலில் அடியிலிருந்து உச்சிவரை கருஞ்சிவப்பு. ஒரு இலை உதிரவில்லை. கவட்டை கொட்டகைத் தாய்மரத்தின் கவட்டைதான், கிளை விரிந்த விதமும் அதேதான். வண்டியை நிறுத்தி இறங்கியவள் கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டேன். டெல்மரே அங்கே நிற்பதுபோல் இருந்தது என்று சொன்னால் அசட்டுத்தனம், ஆனால் அப்படித்தான் இருந்தது.

இரண்டடி வைத்தேன், கால் பிறழ்ந்தது. குனிந்து பார்த்தால் தரையே தெரியவில்லை. முற்றம் முழுக்க முள்ளுக்காய்கள். போன குளிர்காலத்தில் விழுந்தவை, கறுத்துப்போய், கணுக்கால் ஆழத்துக்கு.

"பாத்து நட," என்றது ஒரு குரல். "நான் அதுல விழுந்துதான் காலை ஒடச்சுக்கிட்டேன்."

இமோஜீன் கார் நிறுத்தும் கொட்டகையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஊன்றுகோல். பஸ்ஸின் கடைசி வரிசைப் பிள்ளையைக் கண்ணாடியில் பார்க்கிற பார்வை.

"ஹாய்ட் என்ன சொன்னான்?" என்றேன். வணக்கம் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை.

"குச்சி வேணுமாம். பிப்ரவரில வந்து வெட்டிக்கிறானாம். தாராளமா வெட்டிக்க, ஆனா டெல்மர் பண்ணின மாதிரி பண்ணணும்னேன். காய்க்கு மருந்து அடிச்சிடலாம், காயே காய்க்காதுன்னு எனக்குப் பாடம் எடுத்தான். போடா வெளியன்னுட்டேன்."

"டெல்மர் என்ன பண்ணினான்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சது வேற. நான் வாய்விட்டே கேக்கறேன், இமோஜீன். குளிர்காலத்துல அரை நாள் அரை நாளா அவனுக்கு இங்க என்ன வேலை?"

"காய் வாருற வேலை."

"என்னது?"

"முள்ளுக்காய் வாருற வேலை. அந்தக் காட்டு மரம் என் நெலத்துல, ஆத்தோரம் நின்னுச்சு. அந்த ஒத்தக் கெளைய அவன் அங்கதான் பாத்தான். கரண்டு கம்பிக்காரங்க அப்புறம் அதை வெட்டிட்டாங்க. யார் நெலத்துல கண்டுபிடிச்சாலும் முதல் மரத்துல ஒண்ணு அவங்களுக்குக் குடுக்கணும், அது முறைன்னான். எனக்கு வேணாம், காய் கொட்டும், யார் வாருறதுன்னேன். நான் இருக்கற வரைக்கும் நான் வாருறேன்னான். வருஷா வருஷம் வந்து வாரினான்."

"அவ்வளவுதானா?"

"காபி குடுத்தேன். சில நாள் ஆப்பிள் பை சுட்டு வச்சிருப்பேன், ஒரு துண்டு குடுப்பேன்." அவள் ஊன்றுகோலால் முற்றத்தைக் காட்டினாள். "பாரு அதை. அவ்வளவையும் வாரி முடிச்சவனுக்கு வேற எதுக்காவது தெம்பு இருக்கும்னு நெனைக்கிறியா?"

காது மடல் எரிந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன் கடைசியில். அவளைக் கேட்கவில்லை, ஆனால் அவள்தான் பதில் சொன்னாள்.

"நானும் கேட்டேன். 'லூவுக்கு மரம் நின்ன எடம் தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குள்ள சர்ச்சுக்கே தெரிஞ்சிடும். அவ என்னைப் பத்தி என்ன வேணாலும் நெனைச்சுக்கட்டும், எடத்தை மட்டும் சொல்ல மாட்டேன்'னான். சிரிச்சுக்கிட்டே வாரினான்."

படுபாவி! அவன்மேல் நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் அவன் என் வாய்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான். அதில் அவன் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று ஆகஸ்ட் மாதச் சாப்பாட்டு மேஜையில் இருந்த அத்தனை பேரும் சாட்சி சொல்வார்கள்.

"குச்சி எனக்கு வேணும்," என்றேன். "கொட்டகை மரம் போயிடுச்சு. நான்தான் அறுத்தேன், ஒட்டுக்குக் கீழ. உலகத்துல டெல்மரோட மரம் இனிமே இது ஒண்ணுதான்."

"தெரியும். ஹாய்ட் சொன்னான். நீ முட்டாத்தனம் பண்ணிட்டன்னு."

"பண்ணினேன்தான்."

"அப்ப முறை உனக்குத் தெரியுமில்ல?" என்று கொட்டகைச் சுவரைக் காட்டினாள்.

ஆணியில் ஒரு வாருகோல் தொங்கியது. இரும்புப் பல். பிடியில் விரிசல், அதன்மேல் மெழுகு நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. பக்கத்தில் போய் விரலால் தடவினேன். நுனி கடைசிச் சுற்றுக்கு அடியில் இரண்டு தடவை செருகியிருந்தது. என் கட்டு.

"ஒவ்வொரு தடவையும் தூக்கிட்டு வந்தா நீ கேள்வி கேப்பியாம்," என்றாள் இமோஜீன். "அதான் இங்கயே வச்சுட்டான். பிடி ஒடஞ்சிடும், புதுசு வாங்குன்னு எத்தனையோ தடவ சொன்னேன். லூ கட்டினது, ஒடையாதுன்னான்."

நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்று நன்றாக அழுதேன். இமோஜீன் மறுபக்கம் திரும்பிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய மனசு அவளுக்கு.

பிறகு வாருகோலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். சும்மா சொல்லக்கூடாது, அது வேலைதான். இழுத்தால் பாதி வரும், பாதி புல்லுக்குள் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்னும். ஒரு குவியல் போடுவதற்குள் வேர்த்துவிட்டது. மேலே கருஞ்சிவப்பு இலைகளுக்கு நடுவே இந்த வருஷத்துக் காய்கள் பச்சையாகத் தொங்கின, இதெல்லாமும் விழப்போகிறது. பிப்ரவரியில் வந்து குச்சி வெட்டவேண்டும். ஹாய்ட்டுக்கும் ஒரு கட்டு கொடுத்துத் தொலைக்கலாம், ஆனால் வந்து அவனும் வாரட்டும்.

"அங்க, தபால் பெட்டிகிட்ட விட்டுட்ட," என்று இமோஜீன் குரல் கொடுத்தாள். "டெல்மரும் அங்கதான் விடுவான்."

அதையும் வாரினேன். வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் நிமிர்ந்தேன். நிமிர முடியவில்லை. இடுப்புக்கு மேலே, இடது பக்கம், பிடித்துக்கொண்டது. கை தானாக அங்கே போனது. அவன் கதவைத் திறந்து உள்ளே வரும்போது கையை வைத்துக்கொண்டு வருவானே, அதே இடம்.

"ஆண்டவரே, இடுப்பு போச்சு," என்றேன்.